தெளிந்த நீரும் வாழும் நீரும்

கிறிஸ்துவில் அன்பிற்கினிய பங்கு மக்களே,



முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குப் பரிசாக மீன்தொட்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் பெருகிவருவதைக் காண்கிறேன். நாயும் பூனையும் வளர்க்க வசதியில்லாத அடுக்குமாடி வீட்டில், பிள்ளையின் கையில் ஓர் உயிரை ஒப்படைக்க விரும்பும் பெற்றோர் மீனைத் தேர்வது இயல்பே. சனிக்கிழமை காலையில் தொட்டி வருகிறது. நண்பகலில் கல்லும் செடியும் தண்ணீரும் நிரம்புகின்றன. மாலையாவதற்குள் பொலித்தீன் பையில் மீன்களும் வந்துவிடுகின்றன. இரண்டு வாரம் கழியுமுன் பிள்ளை கலங்கிய கண்களோடு நிற்கிறது. "தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாய் இருந்தது பாதர், பிறகு ஏன் செத்தது?" என்று மறைக்கல்வி முடிந்தபின் என்னிடம் கேட்ட பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்லர்.

"ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆயினும் நாம் அறிந்துகொள்ளக்கூடிய ஒன்றை அறியாது விட்டுவிட்டு ஆண்டவர்மீது பாரத்தைப் போடுவது முறையன்று. அந்தப் பிள்ளைக்கு உண்மையான விடை கிடைக்க வேண்டும். இதை எழுதும் இந்நேரத்திலும் நம் பங்கின் ஏதோவொரு வீட்டில் புதுத் தொட்டியின் மேற்பரப்பில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே இம்முறை சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

மீன் உண்ட உணவின் கழிவு, பெரும்பாலும் அமோனியாவாக அதன் பூக்களின் வழியே நீரில் கலக்கிறது. எஞ்சிய உணவும் அழுகும் இலையும் அதே அமோனியாவையே தருகின்றன. ஆற்றிலும் குளத்திலும் அது பெருநீரில் கரைந்துபோகும். அறுபது லீற்றர் கண்ணாடிப் பெட்டியில் அது போக இடமில்லை. அதற்கு நிறமில்லை, சிறிதளவில் நம் மூக்குக்கும் எட்டாது. மீனின் பூக்களையோ அது எரிக்கிறது. தெளிவாய்த் தெரிந்த தண்ணீர்தான் மீனைக் கொன்றது. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதே அந்தப் பிள்ளைக்கு நாம் கூறவேண்டிய முதல் விடை.

ஊரில் பாடசாலையில் நைதரசன் வட்டத்தைப் படம் வரைந்து மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர். அந்த வட்டம்தான் உங்கள் வரவேற்பறையில் நிகழ்கிறது. அமோனியாவை உண்டு அதை நைத்திரைற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. அந்த நைத்திரைற்றை உண்டு நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் வேறு. நைத்திரேற்று அளவோடு இருக்கும்வரை மீனுக்குப் பெருந்தீங்கு செய்யாது. செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும், மிகுதியை நாம் தண்ணீர் மாற்றி அகற்றுவோம். உக்ரைனின் கீவ் நகரில் பிறந்த சேர்கே வினொகிராட்ஸ்கி என்னும் அறிஞர் 1890ஆம் ஆண்டளவில் சூரிச் நகரில் இவ்வேலை இருவகை நுண்ணுயிர்களால் இரு படிகளில் நடைபெறுவதை நிறுவினார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இலண்டனில் ரொபர்ட் வோறிங்டன் என்னும் வேதியியலாளர் தங்கமீனையும் நீர்ச்செடியையும் நத்தையையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும் சமநிலையைக் கண்டு எழுதியிருந்தார். காணாத பணியாளர்கள் யார் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

அந்தப் பணியாளர்களைப் பற்றிய அறிவு இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. நைத்திரைற்றை மாற்றுவது நைத்திரோபற்றர் என்றே நெடுங்காலம் நூல்கள் கூறின. மீன்தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது நைத்திரோஸ்பைரா என்று 1998இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். நம் அயல் மாகாணமாகிய ஒன்ராறியோவின் வோட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல், நன்னீர்த் தொட்டிகளின் வடிகட்டிகளில் அமோனியாவை உண்பவை பெரும்பாலும் பற்றீரியாக்கள் அல்ல, ஆக்கியா என்னும் தொன்மையான நுண்ணுயிர்களே என்று கண்டனர். 2015இல் இரு படிகளையும் தனியொன்றாகவே செய்து முடிக்கும் நுண்ணுயிரும் கண்டறியப்பட்டது. படைப்பின் நுட்பத்தை வியக்க நாம் விண்மீன்களை மட்டும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. வடிகட்டியின் அழுக்கேறிய ஸ்பொஞ்சைப் பார்த்தாலும் போதும்.

இந்த நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் இல்லை என்பதே பிள்ளையின் கேள்விக்கு இரண்டாம் விடை. அவை தண்ணீரில் மிதந்து வாழ்வதைவிட வடிகட்டியிலும் கல்லிலும் கண்ணாடிச் சுவரிலும் ஒட்டி வாழ்வதே மிகுதி. அவை மெல்லப் பெருகுபவை. அவை குடியேறித் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். இன்றைய அனுபவசாலிகள் மீனே இல்லாமல், அளந்து ஊற்றிய அமோனியாவைக் கொண்டு இக்காலத்தைக் கடத்திவிட்டுப் பின்னரே மீனை விடுகிறார்கள். அதுவே சிறந்த வழி. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்னது உங்களுக்குத் தெரியும். தொட்டி வாங்குகிறவர்களுக்கும் அது பொருந்தும். பரிசளிக்க விரும்பும் மாமாக்களே, சித்திகளே, தொட்டியை நன்மை நாளில் கொடுங்கள். மீனை ஆறு வாரம் கழித்துக் கொடுங்கள். காத்திருக்கப் பழகுவதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பரிசுதான்.

ஊரில் கிணற்றில் மீன் விட்டோமே, அவை சாகவில்லையே என்று மூத்தோர் கேட்பீர்கள். நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்காகக் கிணற்றில் கப்பி மீன் விடுவதை நானும் அறிவேன். கிணறு பெரியது, மீனோ சிறியது. கிணற்றின் பாசி படர்ந்த சுவர் முழுவதும் இந்தப் பணியாளர்கள் ஆண்டாண்டாகக் குடியிருக்கிறார்கள். ஆனால் கிணற்றுக்கும் எல்லையுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில், தோட்டங்களுக்கு இட்ட உரமும் மலசலக் குழிகளின் கசிவும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றாய்ச் சேர்ந்துள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் பல கிணறுகள் அவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பாரிக்கக்கூடும். இதே கேடுதான் நைத்திரைற்று மிகுந்த தொட்டியில் மீனுக்கும் நேர்கிறது. அதன் குருதி கபில நிறமாகிறது. தெளிந்த நீரை நம்பி ஏமாறுவது மீனை வளர்ப்போர் மட்டுமல்லர்.

இனி மொன்றியலுக்கு வருவோம். நம் குழாய்த் தண்ணீரின் பெரும்பகுதி சென் லோரன்ஸ் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, அற்வோட்டர், டே பையே ஆகிய நிலையங்களில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. நம்மைக் கிருமியிலிருந்து காக்க அதில் இடப்படும் குளோரீன், நமக்குத் தேவையான நுண்ணுயிர்களையும் அழிக்கும், மீனின் பூக்களையும் புண்ணாக்கும். ஆகவே குளோரீனை நீக்கும் திரவத்தைக் கலக்காமல் ஒரு வாளித் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். மேலும் நம் தண்ணீர் சற்றுக் காரத்தன்மை கொண்டது. பீ.எச். பெறுமானம் 7 ஆக இருக்கும் நீரில் உள்ள அமோனியாவில் நச்சு வடிவில் இருப்பது ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கே. பெறுமானம் 8 ஆனால் 25 பாகை வெப்பத்தில் அது இருபதில் ஒரு பங்காகிறது. ஒரே அளவு அமோனியா, பத்து மடங்கு நஞ்சு. குளிர்காலத்தில் குழாயில் வருவது ஏறக்குறைய உறைநிலையை அண்மித்த ஆற்றுநீர் என்பதையும் மறவாதீர்கள். அதைத் தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பின்னரே ஊற்றவேண்டும்.

இப்போது மீன்களை ஏற்கெனவே வாங்கி விட்டுவிட்டவர்களுக்கு. முதலில் கடைக்காரரிடம் மீன்களைத் திரும்ப ஏற்பாரா என்று கேளுங்கள். ஏற்றால் அதுவே நலம். ஏற்காவிட்டால், அந்த உயிர்கள் இனி உங்கள் பொறுப்பு. ஆறு வாரம் அவற்றுக்கு ஊழியம் செய்ய ஆயத்தமாகுங்கள்.

அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளக்கும் துளிமருந்துப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். மீனுக்குச் செலவிட்டதைவிட அதற்குச் செலவு கூடலாம், தயங்காதீர்கள். நாள்தோறும் ஒரு முறை அளந்து, ஒரு கொப்பியில் பிள்ளையைக் கொண்டே எழுதுவியுங்கள். இரண்டில் எதுவாயினும் லீற்றருக்கு அரை மில்லிகிராமை எட்டினால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீரை மாற்றினால் நல்ல நுண்ணுயிர்களும் போய்விடுமே என்று அஞ்சவேண்டாம். அவை வடிகட்டியிலும் கல்லிலும் இருக்கின்றன. உணவை இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே இடுங்கள். ஆரோக்கியமான மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும். தான் தின்னாத உணவின் நஞ்சைத் தாங்காது. அவற்றுக்கும் ஒரு தவக்காலம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். இக்காலத்தில் புது மீன் எதையும் சேர்க்காதீர்கள். காற்றுக் குமிழிகளை இரவும் பகலும் ஓடவிடுங்கள். அந்த நுண்ணுயிர்களுக்கும் ஒட்சிசன் வேண்டும்.

வடிகட்டியின் ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். மாதந்தோறும் புதியது மாற்றுங்கள் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் மாற்றாதீர்கள். அழுக்கென்று நீங்கள் எறிவது ஆறு வாரம் வளர்ந்த குடியை. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மெல்லப் பிழிந்து திரும்ப வைத்தால் போதும்.

எச்சரிக்கையாய் இருக்கவேண்டிய வேளை ஒன்று உண்டு. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அமோனியா இறங்கத் தொடங்கும். எல்லாம் முடிந்தது என்று வீட்டார் அளப்பதை நிறுத்துவார்கள். அப்போதுதான் நைத்திரைற்று ஏறத் தொடங்கும். முதல் வகை நுண்ணுயிர்கள் செய்த நைத்திரைற்றை உண்ண வேண்டிய இரண்டாம் வகை இன்னும் வந்து சேர்ந்திருக்காது. முதல் நஞ்சுக்குத் தப்பிய மீன் இரண்டாம் நஞ்சில் மாள்வதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியமாகி, நைத்திரேற்று மட்டும் மெல்ல ஏறி, அந்நிலை ஒரு வாரம் நிலைத்தால் உங்கள் தொட்டி பக்குவப்பட்டுவிட்டது.

நம் நகரின் மிகப் பெரிய தொட்டியும் இந்த விதிக்கு விலக்கல்ல. 1976 ஒலிம்பிக்கில் மிதிவண்டிப் போட்டிகள் நடந்த அரங்கமே 1992இல் பயோடோம் ஆக மாற்றப்பட்டது என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது, சென் லோரன்ஸ் வளைகுடாவைக் காட்டும் ஏறத்தாழ 25 இலட்சம் லீற்றர் உப்புநீர்த் தடாகத்தின்முன் நின்று மீன்களை மட்டும் காட்டாதீர்கள். அந்த நீரை வாழும் நீராக வைத்திருக்கும் வேலை பார்வையாளர் காணாத இடத்தில் இரவும் பகலும் நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

அன்புக்குரியவர்களே, இதுவரை மீனைப் பற்றிப் பேசினேன். ஆயினும் இதை எழுதத் தொடங்கியதுமுதல் என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்த ஒரு சொல்லைப் பற்றி உங்களோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

புதுத் தொட்டியில் முதலில் "தாங்கக்கூடிய" மீனை விடுங்கள் என்று பழைய நூல்கள் கூறும். சீப்ரா டானியோ போன்ற சிறு மீன்களை விட்டு, அவற்றின் கழிவால் தொட்டியைப் பக்குவப்படுத்தி, பின்னர் விலையுயர்ந்த அழகிய மீன்களை விடுவது வழக்கமாய் இருந்தது. தாங்கக்கூடியது என்றால் நோகாது என்று பொருளல்ல. செத்துவிடாமல் நோகும் என்பதே பொருள். அந்த மீனின் பூக்கள் எரிந்துதான் இருக்கும். அது சாகவில்லை என்பதனால் நாம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவே.

நம் சமூகத்திலும் இந்தச் சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். 1986 ஓகஸ்டு 11ஆம் நாள் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தவித்த 155 தமிழரை அங்குள்ள மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். அவர்களுள் பலர் பின்னர் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் குடியேறினார்கள். அக்காலத்தில் வந்தவர்கள் இறங்கிய இடத்தில் தமிழ்த் திருப்பலி பரவலாக இல்லை, தமிழ்க் கடை அரிது, பிரெஞ்சு மொழியில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆளில்லை. உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவி, ஒரே அறையில் பலர் முறைவைத்து உறங்கி, அவர்கள் இந்த நகரத்தை நமக்குப் பக்குவப்படுத்தினார்கள். "அந்தக் காலத்து ஆட்கள் நல்ல உரம்" என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். உரம் உண்மைதான். ஆனால் அவர்களுக்கு நொந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இன்று நம் ஆலயத்தின் பின்வரிசையில் அமைதியாய் அமர்ந்திருக்கும் சில மூத்தோரின் முகத்தில் நான் காண்பது அந்தப் பழைய எரிவைத்தான்.

இன்று வருகிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மாணவ விசாவில் வந்த இளைஞர், புகலிடம் கேட்டு வந்த குடும்பம், திருமணமாகி வந்து பகலெல்லாம் தனியே இருக்கும் மணப்பெண். முதல் வாரத்தில் நாம் குளிர்ச்சட்டையும் போர்வையும் சமைத்த உணவும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், அது நன்று. வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது, வேலை கிடைத்துவிட்டது என்று கேட்டதும் நாம் அளப்பதை நிறுத்திவிடுகிறோம். இரண்டாம் நஞ்சு ஏறுவது அப்போதுதான். தனிமை, கடன், ஊரில் காத்திருப்போரின் எதிர்பார்ப்பு, சொல்லமுடியாத வெட்கம் இவை மூன்றாம் நான்காம் மாதத்தில் எழுகின்றன. வெளியே பார்த்தால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நல்லாயிருக்கிறம் பாதர்" என்ற விடையே வரும். மனிதர் மீன்கள் அல்லர் என்பதை நான் அறிவேன். மனிதருக்கு வாய் உண்டு. ஆனால் கேட்கும் செவி இல்லாத இடத்தில் வாயிருந்து என்ன பயன்?

புதுத் தொட்டியின் ஆறு வாரத்தைச் சில நாட்களாகக் குறுக்கும் வழி ஒன்று உண்டு. பக்குவப்பட்ட, நோயில்லாத பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஈரமான ஸ்பொஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்துப் புதுத் தொட்டியின் வடிகட்டியில் வைப்பது. கடையில் போத்தலில் விற்கும் நுண்ணுயிர்த் திரவங்களைவிட அனுபவசாலிகள் இதையே பெரிதும் நம்புகிறார்கள். கொடுத்தவருக்கு நட்டம் எதுவுமில்லை. வெட்டிய இடத்தில் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். புதிதாய் வந்த குடும்பத்துக்கும் ஏற்கெனவே வேரூன்றிய குடும்பத்தின் ஒரு துண்டு வேண்டும். வைத்தியரிடம் கூட்டிச்செல்லும் ஒரு பிற்பகல், பிள்ளையின் பாடசாலைக் கடிதத்தை வாசித்துச் சொல்லும் ஒரு மாலை, நான்காம் மாதத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு. அது போதும்.

யூலை 1 நெருங்குகிறது. மொன்றியல் முழுவதும் வீடு மாறும் நாள். தொட்டியோடு மாறுகிறவர்கள் வடிகட்டியின் ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அமிழ்த்தி, மூடிய வாளியில் கொண்டுசெல்லுங்கள். காய்ந்துபோனால் மீண்டும் முதல் வாரத்திலிருந்து தொடங்கவேண்டும். புது வீட்டில் முதலில் அதை ஓடவிட்டுவிட்டுக் கட்டில்களைப் பிறகு பூட்டலாம். மீனை வைத்திருக்க இனி முடியாது என்போர் ஆற்றிலோ பூங்காக் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தங்கமீன் உறைந்த குளத்தின் பனிக்கட்டிக்கு அடியிலும் உயிர்வாழ்ந்து பெருகி, இந்நாட்டு மீன்களின் வாழ்விடத்தைப் பறிக்கும். வேண்டாம் என்று தோன்றினால் இன்னொரு குடும்பத்திடம் ஒப்படையுங்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய தொட்டி வைத்திருப்பவர்கள் ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது ஒரு சிறு பையில் தொட்டித் தண்ணீரோடு ஸ்பொஞ்சுத் துண்டு கொண்டுவாருங்கள். புதுத் தொட்டிக்காரர்கள் மண்டபத்தில் தேநீர் வேளையில் வாங்கிக்கொள்ளலாம். அதே தேநீர் வேளையில், இந்த ஆண்டு நம் நகருக்கு வந்த ஒருவரைத் தேடிச் சென்று, அவர் வந்து எத்தனை மாதம் என்று கேளுங்கள். மூன்று அல்லது நான்கு என்று சொன்னால், தேநீர் ஆறினாலும் பரவாயில்லை, அவர் அருகில் அமருங்கள்.

இறைவன் உங்களையும் உங்கள் பொறுப்பில் உள்ள எல்லா உயிர்களையும் காப்பாராக.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை